சுழலும் உடல், சாட்சி சொல்லும் கண்: தலைச்சுற்றலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

நோய்களுக்கு வரலாறு உண்டு என்று சொன்னால் இன்று யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. காலரா, பிளேக், அம்மை, தொழுநோய் பற்றியெல்லாம் நிறைய எழுதியாகிவிட்டது. இவை உடம்பில் தடம் விட்ட நோய்கள். அரசு கணக்கெடுத்த, தனிமைப்படுத்திய, சட்டம் போட்ட நோய்கள். ஆவணம் இருக்கிறது, ஆகவே வரலாறும் இருக்கிறது. தடம் விடாத ஒரு நோவுக்கு வரலாறு எழுத முடியுமா என்பதே என் கேள்வி.

தலைச்சுற்றல் அப்படிப்பட்டது. காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம், வீக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம், இருமலைப் பக்கத்து வீட்டுக்காரரும் கேட்கலாம். தலைச்சுற்றலோ அதை அனுபவிப்பவரின் சொல்லில் மட்டும்தான் இருக்கிறது. அவர் மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் நின்றும் போய்விடுகிறது. நேராக உட்கார்ந்து, தெளிவாகப் பேசிக்கொண்டு, 'எனக்குத் தலை சுத்துது' என்று சொல்கிற ஒருவரை எதை வைத்து நம்புவது? கடந்த இருநூறு ஆண்டு மருத்துவம் இந்தக் கேள்விக்குக் கொடுத்த விடைகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தது நோயாளியின் சொல். உள்ளே அனுமதிக்கப்பட்டதோ வேறொன்று. முதலில் பிணம், பிறகு கண், இப்போது ஸ்கேன்.

2

முதலில் மொழி. தமிழில் இந்த நோவுக்குச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. தலைச்சுற்றல், கிறுகிறுப்பு, கிறக்கம், மயக்கம், தள்ளாட்டம், கண் இருட்டுவது, தலை லேசாகப் போவது, மிதக்கிற மாதிரி இருப்பது என்று போய்க்கொண்டே இருக்கிறது. இவற்றில் 'மயக்கம்' ஒன்றே போதும். நினைவிழப்பதும் மயக்கம்தான், கள் குடித்தாலும் மயக்கம்தான், காதலும் மயக்கம்தான். பழைய தமிழ் சினிமாவில் கதாநாயகி மயங்கி விழுந்தால் டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, 'நல்ல செய்திதான்' என்று சிரிப்பார். பெண்ணுடைய மயக்கத்துக்கு அங்கே ஒரே அர்த்தம்தான் அனுமதிக்கப்பட்டது. ஆயுர்வேதத்தின் மாதவ நிதானம் தலைச்சுற்றலைப் 'பிரமம்' என்கிறது. சுழல்வது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். ஆனால் அங்கும் அது மூர்ச்சை, தூக்கம், சோர்வு இவற்றோடு சேர்த்து ஒரே அத்தியாயத்தில்தான் பேசப்படுகிறது. நம் வீடுகளில் இன்றும் அது 'பித்தம்'.

சொற்களின் இந்தப் பெருக்கம் நவீன மருத்துவத்துக்குத் தலைவலியாக இருந்தது. 1972இல் அமெரிக்க மருத்துவர்கள் டிராக்மன், ஹார்ட் இருவரும் ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார்கள். சுழல்வது போன்ற உணர்வா, மயங்கி விழப்போவது போன்ற உணர்வா, நடையில் தள்ளாட்டமா, இவை எதிலும் சேராத ஒரு லேசான தன்மையா? நாலில் ஒன்றைச் சொல்லுங்கள். சுழற்சி என்றால் காது, மயக்கம் என்றால் இதயம், தள்ளாட்டம் என்றால் நரம்பு, கடைசி வகை என்றால் பெரும்பாலும் மனம். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு மருத்துவ மாணவர்கள் இதைத்தான் படித்தார்கள். நோயாளி பேசலாம். ஆனால் கொடுக்கப்பட்ட நாலு பெட்டிகளில் ஒன்றுக்குள் நின்று பேச வேண்டும்.

2007இல் டேவிட் நியூமன்-டோக்கரும் உடனிருந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களிடம் இந்த வகைக் கேள்வியைக் கேட்டு, சில நிமிடங்கள் கழித்துத் திரும்பவும் கேட்டபோது ஏறக்குறையப் பாதிப் பேர் வேறு விடை சொன்னார்கள். அதே ஆட்கள், எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எது செய்தால் வருகிறது என்று கேட்டபோது மாறாமல் பதில் சொன்னார்கள். இதை 'நோயாளிகளுக்குச் சொல்லத் தெரியவில்லை' என்றும் வாசிக்கலாம், 'மருத்துவருக்குக் கேட்கத் தெரியவில்லை' என்றும் வாசிக்கலாம். நான் இரண்டாவதாகத்தான் வாசிக்கிறேன். எப்படி இருக்கிறது என்று கேட்டால் உவமைதான் வரும். எப்போது வருகிறது என்று கேட்டால் தகவல் வரும்.

3

இனிப் பாரிஸ். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஐரோப்பாவில் திடீர்த் தலைச்சுற்றல் என்பது மூளையின் நோய். மூளையில் ரத்தம் தேங்கிவிட்டது, பக்கவாதம் வாசலில் நிற்கிறது என்று பொருள். ஆகவே ரத்தம் எடுத்தார்கள், அட்டை விட்டார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். ஏற்கெனவே எழுந்து நிற்க முடியாதவரின் ரத்தத்தையும் எடுத்தால் அவர் எப்படி நிற்பார் என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு பக்கம், தலைச்சுற்றலே மருந்தாகவும் இருந்தது. 1804இல் இங்கிலாந்து மருத்துவர் ஜோசப் மேசன் காக்ஸ் மனநோயாளிகளைச் சுழல் ஊஞ்சலில் வைத்துச் சுற்றும் முறையைப் பரிந்துரைத்து நூல் எழுதினார். வாந்தி எடுத்து, சோர்ந்து, அடங்கிப் போகும் வரை சுற்றுவது. தலைச்சுற்றல் மருத்துவத்துக்குத் தெரியாத ஒன்றல்ல. அதை உண்டாக்கி அடக்கியாள்வது எப்படி என்று தெரிந்திருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

1820களில் பியர் ஃப்ளூரான்ஸ் புறாக்களின் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்தார். புறாக்களுக்குக் காது கேட்டது. ஆனால் தலையை ஆட்டிக்கொண்டு சுழன்றன. காதுக்குள் கேட்பதைத் தவிர வேறு ஏதோ வேலையும் நடக்கிறது என்பதற்கு இது சான்று. புறாவிலிருந்து மனிதருக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆயிற்று.

பாரிஸில் காது கேளாதோர் நிறுவனத்தின் தலைமை மருத்துவராக 1838 முதல் இருந்தவர் ப்ரோஸ்பர் மெனியர். தலைச்சுற்றலோடு காது இரைச்சலும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதாக அவரிடம் வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த நிறுவனத்தில் இருந்ததாலேயே அவர் காதில் அது விழுந்தது. மூளை மருத்துவர்களிடம் போனவர்கள் காது இரைச்சலைச் சொல்லியிருந்தாலும் அது எதற்கும் பயன்பட்டிருக்காது. 1861 ஜனவரி 8ஆம் தேதி மருத்துவக் கழகத்தில் மெனியர் தன் கட்டுரையை வாசித்தார். இது மூளை நோய் அல்ல, உட்செவியின் நோய். ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. உற்சாகமான வரவேற்பு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் இறந்தும் போனார்.

அவர் முன்வைத்த சான்றுகளில் ஒன்றை மட்டும் பார்ப்போம். குளிர்கால இரவில், மாதவிலக்கின்போது, வண்டியின் மேல்தட்டில் பயணம் செய்த ஓர் இளம்பெண். திடீரென்று முழுச் செவிடு, ஓயாத தலைச்சுற்றல், வாந்தி. ஐந்தாம் நாள் இறந்துவிட்டாள். உடலைத் திறந்து பார்த்ததில் மூளையிலும் தண்டுவடத்திலும் ஒன்றுமில்லை. அரைவட்டக் குழல்களில் சிவந்த படிவு இருந்தது. உயிரோடு நடமாடி, வருஷக்கணக்கில் 'சுத்துது, சுத்துது' என்று சொல்லிக்கொண்டிருந்த பலரின் பேச்சு இருந்தும், வாதத்துக்கு அடித்தளம் போட ஒரு பிணம் தேவைப்பட்டது. பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு இருந்தது இன்று 'மெனியர் நோய்' என்று சொல்லப்படுவதாக இருக்க முடியாது என்பது பின்னாளைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்த நோயாளிகளின் உட்செவியில் திரவம் மிகுந்து வீங்குவதை 1938இல்தான் லண்டனில் ஹால்பைக்கும் கெய்ர்ன்ஸும், ஒசாகாவில் யமகாவாவும் தனித்தனியே கண்டார்கள். அதுவும் இறந்தவர்களின் காதில்.

மிஷேல் ஃபூக்கோ 1963இல் எழுதிய 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் இதே பாரிஸைப் பற்றித்தான் பேசுகிறார். நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்த மருத்துவம், உடம்பில் எந்த இடத்தில் நோவு என்று விசாரிக்கத் தொடங்கிய தருணம். பிணத்தைத் திறந்து இடத்தைக் கண்டுபிடிக்கும் பார்வை அங்கேதான் உருவாகிறது. தலைச்சுற்றல் வந்தவரிடம் 'எங்கே?' என்று கேட்டால் என்ன சொல்வார்? சுவர் சுற்றுகிறது, கட்டில் சாய்கிறது, தரை நழுவுகிறது என்பார். உடம்புக்கு வெளியே எங்கேயோ கை காட்டுவார். உறுப்பைத் தேடும் பார்வைக்கு இது பயன்படாத விடை.

4

காதில் இடம் கிடைக்காதவர்கள் எங்கே போனார்கள்? 1870இல் வியன்னாவின் மோரிட்ஸ் பெனடிக்ட் ஒரு வகை நோயாளிகளைப் பற்றி எழுதினார். அகன்ற திறந்த வெளியை, சதுக்கத்தைக் கடக்கும்போது இவர்கள் தடுமாறினார்கள். அவர் வைத்த பெயர் 'சதுக்கத் தலைச்சுற்றல்'. அடுத்த ஆண்டு பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபால் இதே போன்றவர்களைப் பார்த்துவிட்டு வேறு பெயர் வைத்தார்: அகோராஃபோபியா, வெளியச்சம். பெனடிக்டுக்குச் சுற்றல் முதலில், பயம் பின்னால். வெஸ்ட்ஃபாலுக்குப் பயம்தான் எல்லாம். நிலைத்தது வெஸ்ட்ஃபாலின் பெயர். ஒரே உடல், ஒரே சதுக்கம், ஒரே தடுமாற்றம். பெயர் மாறியதும் அது மனநல மருத்துவத்தின் சொத்தாகிவிட்டது.

இதைவிட விசித்திரமானது ஜோசஃப் ப்ராயர் கதை. 1873-75 வாக்கில் வியன்னாவில் ப்ராயரும், ப்ராகில் எர்ன்ஸ்ட் மாக்கும், எடின்பரோவில் க்ரம் ப்ரௌனும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே முடிவுக்கு வந்தார்கள். தலை திரும்பும்போது அரைவட்டக் குழலுக்குள் உள்ள திரவம் பின்தங்குகிறது, அந்த அசைவைத்தான் உடல் திருப்பமாக உணர்கிறது. இதே ப்ராயர்தான் 1895இல் ஃப்ராய்டுடன் சேர்ந்து ஹிஸ்டீரியா பற்றிய நூலை எழுதியவர். அதே ஆண்டு ஃப்ராய்ட் 'பதற்ற நரம்பியல்' பற்றி எழுதிய கட்டுரையில் தலைச்சுற்றல் முக்கியமான அறிகுறியாக வருகிறது. சுழற்சியைக் காதுக்குள் கண்டுபிடித்தவரும், சொல்லில் மட்டுமே இருக்கிற நோவுக்கு மனத்தில் இடம் ஒதுக்கிய நூலின் ஆசிரியரும் ஒருவரே. நவீன மருத்துவத்தில் தலைச்சுற்றலுக்கு இரண்டு கதவுகள்தான். ஒன்று காது, ஒன்று மனம். முதல் கதவில் அடையாளச் சீட்டு கேட்பார்கள். சீட்டு இல்லாதவர் இரண்டாவது கதவுக்குப் போக வேண்டும்.

5

அந்தச் சீட்டு எது என்று தீர்மானித்தவர் ராபர்ட் பாரனி. வியன்னாவில் காது மருத்துவராக இருந்தவர். நோயாளிகளின் காதில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றுவதையும், அப்போது அவர்கள் கண் துடிப்பதையும் கவனித்தார். கருவிழி ஒரு பக்கமாக மெல்ல நகரும், பிறகு வெடுக்கென்று திரும்பும். நிஸ்டாக்மஸ் என்று பெயர். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு நோயாளி, தண்ணீர் போதுமான சூடு இல்லாவிட்டால்தான் தனக்குச் சுற்றுகிறது, வீட்டில் தானே சுடுநீரில் கழுவிக்கொண்டால் வருவதில்லை என்றார். பாரனி செவிலியைக் கூப்பிட்டார். அவர் தண்ணீர் சூடாகத்தான் இருக்கிறது என்று சாதித்தார். அடுத்த முறை நல்ல சூட்டில் ஊற்றினார்கள். 'ரொம்பச் சூடு, இப்பவும் சுத்துது' என்று நோயாளி கத்தினார். கண்ணைப் பார்த்தால் துடிப்பு எதிர்த்திசையில். குளிர்ந்தால் உள்ளே திரவம் ஒரு பக்கம் ஓடுகிறது, சூடானால் மறுபக்கம் என்பது அப்போதுதான் விளங்கியது. அதிலிருந்து பிறந்த சோதனை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி.

இதைப் பாரனியே தன் நோபல் உரையில் சொல்லியிருக்கிறார், மறைக்கவில்லை. கண்டுபிடிப்பு நோயாளியின் புகாரிலிருந்து வந்தது. ஆனால் அதன் விளைவு என்ன? இனி நோயாளியைக் கேட்க வேண்டியதில்லை. கண்ணைப் பார்த்தால் போதும். கண் துடித்தால் நோய் உண்டு, துடிக்காவிட்டால் சந்தேகம்.

1921இல் பாரனி இன்னொன்றையும் பதிவு செய்தார். தலையை ஒரு குறிப்பிட்ட நிலையில் வைத்தால் மட்டும் வரும் சுழற்சி. 1952இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸும் ஹால்பைக்கும் இதற்கான எளிய சோதனையை விவரித்தார்கள். நோயாளியை உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் படுக்க வைத்துக் கண்ணைப் பார்ப்பது. ஒரு கட்டில் போதும், கருவி ஏதும் வேண்டாம், ஒரு நிமிடம் ஆகும். உட்செவியில் ஒரு பையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய சுண்ணாம்புப் படிகங்கள் உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்துவிடுவதே காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. போர்ட்லண்டில் ஜான் எப்ளி, தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி அந்தப் படிகங்களை வெளியே உருட்டிவிடும் முறையை 1980இல் சக மருத்துவர்கள் முன் காட்டினார். நம்பவில்லை. கட்டுரை இதழில் வெளிவந்தது 1992இல். தலையைத் திருப்பினால் நோய் போகும் என்றால் அது மந்திரவாதி வேலை மாதிரி இருக்கிறதே என்பதுதான் சிக்கல். கத்தி இல்லை, மருந்து இல்லை.

6

என் உடம்பு இந்த வரலாற்றில் வந்து சேர்ந்தது 2013இல். விடியற்காலையில் இடப்பக்கம் புரண்டு படுத்தேன், நின்றுகொண்டிருந்த மின்விசிறி சுற்றியது. கூடவே கூரையும். ஒரு நிமிஷம்கூட இருக்காது, நின்றுவிட்டது. அன்றிலிருந்து இரண்டு வருஷம் நான் எல்லோரிடமும் சொன்னது ஒரே வாக்கியம்தான்: 'திரும்பிப் படுத்தா சுத்துது, கொஞ்ச நேரத்துல நிக்குது.'

வீட்டில் பித்தம் என்றார்கள், இஞ்சிச் சாறு வந்தது. பெரியம்மா கண்ணு பட்ருச்சு என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். சும்மா சொல்லக் கூடாது, அவங்க யாரும் நான் பொய் சொல்றேன்னு நினைக்கலை. தெருமுனை டாக்டர் பிரஷரும் சுகரும் பார்த்துவிட்டு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார். அடுத்தவர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து எலும்பு தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டார். நாற்பது வயதுக்கு மேல் யார் கழுத்தை எடுத்தாலும் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். பெரிய ஊர் மருத்துவமனை ஒன்றில் மூளை ஸ்கேன் எடுத்தார்கள். 'தலையில ஒண்ணுமே இல்லைம்மா' என்று சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அந்த மருத்துவர் என் கணவர் பக்கம் திரும்பி, 'வீட்ல ஏதாவது டென்ஷனா?' என்று கேட்டார். கேள்வி என்னைப் பற்றியது, கேட்கப்பட்டது அவரிடம். தூங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். 1871இன் பெர்லின் நம்மூருக்கு வந்து சேர நெடுநாள் ஆகவில்லை.

2015இல் ஓர் அரசு மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் என் வாக்கியத்தைக் கேட்டார். 'எந்தப் பக்கம் திரும்பினா?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார வைத்து, தலையைத் திருப்பிச் சட்டென்று சாய்த்தார். அறை சுழன்றது. சுற்றி நின்ற மாணவர்களிடம், 'இருக்கு, கண்ணைப் பாருங்க' என்றார். பிறகு தலையை நாலு நிலையில் திருப்பி உட்கார வைத்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக 'இருக்கு' என்ற சொல்லைக் கேட்டேன். அந்த மருத்துவர் மீது எனக்கு நன்றி உண்டு. ஆனாலும் அந்த 'இருக்கு' என் பேச்சுக்குக் கிடைத்த சான்றிதழ் அல்ல, என் கண்ணுக்குக் கிடைத்தது. என் வாக்கியத்திலோ முழு நோயறிதலும் இருந்தது. எது செய்தால் வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்ற இரண்டும் அதில் இருந்தன. இரண்டு வருஷமும் அது அப்படியேதான் கிடந்தது.

7

அந்தச் சுழற்சி போன பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நிற்கும்போது படகில் நிற்கிற மாதிரி. துணிக்கடையில் வரிசை வரிசையாகத் தொங்கும் புடவைகளுக்கு நடுவே நடந்தால் தரை அசைகிற மாதிரி. இதற்கு எந்தச் சோதனையிலும் தடயம் இல்லை. 2017இல், பாரனியின் பெயரைத் தாங்கிய பன்னாட்டுச் சங்கம் இதற்கு வரையறை வெளியிட்டது. மூன்று மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் நீடிக்கும் சுழற்சியற்ற தலைச்சுற்றல். நிற்கும்போது, அசையும்போது, கண்முன் நெரிசலான காட்சி இருக்கும்போது அதிகமாகும். 1986இல் ஜெர்மனியில் ப்ராண்ட்டும் டீட்டரிச்சும் இதற்கு நெருக்கமான ஒன்றை 'அச்சத் தலைச்சுற்றல்' வகையில் வைத்திருந்தார்கள். புதிய வரையறையில் அச்சம் கட்டாயமில்லை. உறுப்பு கெடவில்லை, அது இயங்கும் முறை மாறிவிட்டது என்கிறார்கள். பெனடிக்டின் சதுக்கம் நூற்று நாற்பத்தேழு ஆண்டு கழித்துத் துணிக்கடையாகத் திரும்பி வந்திருக்கிறது.

இதில் எனக்கு இரண்டு எண்ணம். பிணமும் கண்ணும் ஸ்கேனும் இல்லாமல், நோயாளி சொல்வதை மட்டும் வைத்து நிறுவப்படும் ஒரு நோய்க்கு மருத்துவம் இடம் கொடுத்திருக்கிறது. எல்லாச் சோதனையும் தோற்ற பிறகு ஒட்டும் சீட்டு அல்ல இது, கேட்டறிந்து சொல்லும் பெயர். இது சின்ன விஷயமல்ல. இன்னொரு பக்கம், கேட்கத் தெரியாத ஒரு கையில் இதே பெயர் 'வீட்ல டென்ஷனா?' என்ற பழைய கேள்வியின் புதிய உடையாகவும் மாறலாம். எதுவாக மாறும் என்பது பெயரில் இல்லை, அந்தப் பெயர் உச்சரிக்கப்படும் அறையில் இருக்கும் அதிகார உறவில் இருக்கிறது.

விடாமல் சுற்றுகிறது, பக்கவாதமா என்று சந்தேகம் வரும் நேரத்தில்கூட, பயிற்சி பெற்றவர் கண் அசைவுகளை மூன்று வகையாகச் சோதித்தால், முதல் இரண்டு நாளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யைவிட நன்றாகவே கண்டுபிடிக்க முடியும் என்று 2009இல் கட்டாவும் மற்றவர்களும் காட்டினார்கள். அப்படியிருந்தும் படுக்க வைத்துப் பார்க்காமலே நம் ஊர்களில் ஸ்கேன் எழுதப்படுகிறது. ஸ்கேனுக்கு விலை உண்டு, ரசீது உண்டு. தலையைச் சாய்த்துக் கண்ணைப் பார்ப்பதற்கு ரசீது இல்லை. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அதற்கு நேரமும் இல்லை, பல இடங்களில் ஆளைப் படுக்க வைக்கக் கட்டிலும் இல்லை. ஆக, கேட்பது என்பது மருத்துவரின் நல்ல குணம் பற்றிய பிரச்சினை மட்டுமல்ல. ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிஷம், ஒரு மருத்துவருக்கு எத்தனை நோயாளி, ஒரு பிரிவுக்கு எத்தனை கட்டில் என்கிற பிரச்சினையும்தான். தலைச்சுற்றலின் வரலாற்றில் அடுத்த அத்தியாயம் உட்செவிக்குள் எழுதப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கட்டில் எங்கே போடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது எழுதப்படும்.